சோழமண்டலத்தில் எதை விற்றார்கள்?

தண்டலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்டில் வெல்டிங் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவனை ஹைவேயில் இறக்கிவிடும் நேரத்தில் சில நாள் நானும் அங்கே டீக்கடையில் இருப்பேன். போன மாதம் ஒருநாள் ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தான். ஊருக்குள் ஒரு பழைய லேத் பட்டறை காலியாக இருக்கிறதாம். தகரக் கூரை, த்ரீ ஃபேஸ் கரண்ட், பின்பக்கம் கொஞ்சம் காலி இடம். வாடகை 14,000, அட்வான்ஸ் 1 லட்சம். ஐந்து பேர் சேர்ந்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். இவனைத் தவிர, ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிற ஒரு பையன். ஃப்ளெக்ஸ் வந்ததால் போர்டு எழுதும் தொழிலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைகிற ஒரு பெரியவர். சுடுமண் வேலை செய்கிற ஒரு பெண். வாரம் ஆறு நாள் குவாலிட்டி செக்கிங்கில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேன்வாஸ் தொடுகிற ஒருவர்.

"அஞ்சு பேரும் ஒண்ணா ஒரு எடத்துல இருந்தா வித்துடலாம்லண்ணா?"

நான் யோசிக்காமல், "சோழமண்டலம் அப்படித்தானப்பா வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. கைக்காசைப் போட்டு அட்வான்ஸ் கட்டப் போகிறவனிடம் இப்படியா பதில் சொல்வது? நானே சோழமண்டலத்தை ஒரு சுற்றுலாப் பயணியாகத்தான் பார்த்திருந்தேன். அடுத்த ஞாயிறு மூன்று பஸ் மாறி ஈஞ்சம்பாக்கம் போனேன். ஜோசப் ஜேம்ஸ் தொகுத்த சோழமண்டலம் பற்றிய புத்தகத்தையும் திரும்ப எடுத்தேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து வந்தது. அவனுக்குச் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முன்கதைச் சுருக்கம். கே.சி.எஸ். பணிக்கர் 1957-லிருந்து 1967 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். தன்னிடம் படித்து வெளியே போகிற பிள்ளைகள் நல்ல ஓவியர்களாக இருந்தும், பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருஷத்தில் தூரிகையைத் தொடாமலே போய்விடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. மதராஸில் அப்போது ஓவியம் வாங்குகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பம்பாயிலும் டெல்லியிலும் இருந்த கேலரி, பணக்கார வாங்குபவர், வெளிநாட்டுத் தூதரகம் என்கிற வட்டம் இங்கே இல்லை. அவரும் அவருடைய மாணவர்களும் சக ஓவியர்களும் சேர்ந்து 1966-ல் மதராஸுக்குத் தெற்கே கடலோர மணல்வெளியில் நிலம் வாங்கி ஒரு கிராமம் அமைத்தார்கள். கோரமண்டல் என்று வெள்ளைக்காரர்கள் சொன்ன பெயரின் மூலத்தையே அதற்கு வைத்தார்கள். அரசு மானியத்தில் எழுந்த இடம் இல்லை. அங்கே வாழ்ந்த, அல்லது அதனோடு சேர்ந்திருந்த பெயர்களைச் சொன்னால் தென்னிந்திய நவீன ஓவியத்தில் பாதி வந்துவிடும்: ஜே. சுல்தான் அலி, கே.வி. ஹரிதாசன், எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், பி.எஸ். நந்தன், கே. ராமானுஜம், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முடிக்கிறார்கள். ஓவியர்கள் ஒன்று கூடினார்கள், ஒற்றுமையால் வென்றார்கள், ஓவியம் விற்றது. நானும் டீக்கடையில் அதைத்தான் சொன்னேன். ஆனால் நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு.

அவர்கள் சேர்ந்து விற்றது ஓவியத்தை அல்ல, பாடிக் துணியை. நிலம் வாங்குவதற்கு முன்பே ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். மெழுகு தடவிச் சாயத்தில் முக்கும் பாடிக், தோல் வேலை, உலோக வேலை, மட்பாண்டம் போன்றவற்றைச் செய்து, கண்காட்சி போட்டு விற்று, அந்தப் பணத்தில் நிலமும் பிறகு வீடும் வந்தன. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மிச்சம் தன் சொந்த ஓவியத்துக்கு. இதுதான் ஏற்பாடு. பாடிக் விற்பனைக்குச் சங்கம் இருந்தது, கணக்கு இருந்தது, விலை இருந்தது. ஓவியத்துக்கு அப்படி எதுவும் வேண்டியிருக்கவில்லை. விற்றால் சந்தோஷம், விற்காவிட்டாலும் அந்த மாதம் அடுப்பு எரியும்.

கூட்டமைப்பு ஓவியத்தை விற்றுக் கொடுத்தது என்பதைவிட, ஓவியம் விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து ஓவியரை விடுவித்தது என்பதுதான் சரி. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. முதலாவதை நம்பி ஷெட் எடுக்கிறவன் ஆறாவது மாதம் வாடகை கட்ட முடியாமல் நிற்பான்.

எங்கள் பக்கத்துப் பாஷையில் சொன்னால், பாடிக் என்பது ஜாப் ஒர்க். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் சின்ன யூனிட் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சொந்தமாக ஒரு மெஷினை வடிவமைக்கும் ஆசை பலருக்கு இருக்கும். ஆனால் மாதச் சம்பளமும் கரண்ட் பில்லும் வருவது பெரிய கம்பெனிக்குத் தட்டிக் கொடுக்கிற ஜாப் ஒர்க்கிலிருந்துதான். அதைக் கேவலமாக அவர்கள் நினைப்பதில்லை. கலைஞர்கள்தான் நினைக்கிறார்கள். பணிக்கர் நினைக்கவில்லை என்பது அவருடைய பெரிய துணிச்சல் என்று எனக்குப் படுகிறது. கல்லூரி முதல்வர், அகில இந்தியப் பெயர் உள்ளவர், ஓய்வுபெறும் வயதில் மாணவர்களோடு உட்கார்ந்து, துணிக்குச் சாயம் போட்டு விற்கலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றார்.

அதில் யாரும் திட்டமிடாத ஒரு லாபமும் கிடைத்தது. கைவினை பின்வாசல் வழியாகக் கலைக்குள் வந்தது. நந்தகோபாலின் சிற்பங்களைப் பாருங்கள். செம்பும் பித்தளையும் தகடாக வெட்டி, பற்றவைத்து, எனாமல் ஏற்றி, முன்பக்கத்திலிருந்து பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை. பிரபையோடு நிற்கும் உற்சவ மூர்த்தி ஞாபகம் வரும். பி.வி. ஜானகிராம் கோயில் கவசத் தகட்டு வேலையிலிருந்து தன் சிற்பத்தை எடுத்தார். மதராஸ் பாணி என்று பிறகு பெயர் பெற்றதில் கைவேலைக்குப் பெரிய பங்கு உண்டு. வயிற்றுக்குச் செய்த வேலை கையைப் பழக்கியது, பழகிய கை சிற்பத்தை மாற்றியது. என் தம்பி எட்டு மணி நேரம் வெல்டிங் செய்துவிட்டு வந்து "கை மரத்துப் போச்சுண்ணா" என்பான். மரத்துப் போகிறதா, பழகுகிறதா என்பதை அவனுக்காக நான் சொல்ல முடியாது.

சரி, ஓவியத்துக்குச் சோழமண்டலம் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. அதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், ஒரு முகவரி கொடுத்தது. இருபது ஓவியர்கள் இருபது தெருவில் வாடகை வீட்டு மாடியில் வரைந்துகொண்டிருந்தால் வெளியூரிலிருந்து வருகிற விமர்சகரோ கேலரிக்காரரோ இரண்டு பேரைப் பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுவார். ஒரே மணல்மேட்டில் எல்லோரும் இருந்தால் ஒரே பகலில் இருபது பேரையும் பார்க்கலாம். ஒருவரைத் தேடி வந்தவர் பக்கத்து வீட்டுக்காரரின் படத்தோடு திரும்பலாம். நகைக்கடைகள் ஒரே தெருவில் இருப்பதற்கும் இதுதான் காரணம். போட்டியாளன் பக்கத்தில் இருப்பது நஷ்டம் என்று தோன்றும். உண்மையில் அவன்தான் வாடிக்கையாளரை உங்கள் தெருவுக்குக் கூட்டி வருகிறான்.

அடுத்தது எழுத்து. 1944-ல் பணிக்கர் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம் 1960-களில் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற பத்திரிகையை நடத்தியது. விற்பனை விளம்பரத்துக்கு நடத்திய பத்திரிகை அல்ல அது. தாங்கள் செய்வது என்ன, ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதைத் தாங்களே எழுதி, பிறரையும் எழுதவைத்தார்கள். ஜோசப் ஜேம்ஸ் போன்ற ஒரு விமர்சகர் கூடவே இருந்தார். அவர் கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் என்பது எனக்குப் பிடித்த தகவல். பெயர் வைக்கப்படாத பொருளுக்கு விலை வைப்பது கஷ்டம். மதராஸ் ஓவியர்கள் ஒரு இயக்கமாக அறியப்பட்டதில் அந்தப் பக்கங்களுக்கும் பங்கு உண்டு. இன்றைய கலைஞர் குழுக்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். படத்தை போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். நாலு வரி எழுத மாட்டேன் என்கிறார்கள்.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து விற்றார்கள்; ஆனால் ஓவியத்தைச் சேர்ந்து செய்யவில்லை. தூரிகை கடைசிவரை தனிநபருடையதாகவே இருந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் வேறு வழியும் உண்டு என்பதற்குக் கனடாவின் வடகோடியில் உள்ள கேப் டார்செட்டைப் பார்க்கலாம். அங்கே இனுயிட் மக்களின் கூட்டுறவுச் சங்கம் 1959-லிருந்து வருடா வருடம் அச்சோவியத் தொகுப்பு வெளியிடுகிறது. ஒருவர் வரைவார். சங்கம் அந்த வரைபடத்தைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். இன்னொருவர் கல்லில் செதுக்குவார், மை தடவி அச்செடுப்பார். ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 50 பிரதிகள்தான். ஒரே ஓவியம் ஒரே ஒரு பணக்காரருக்குப் போவதற்குப் பதிலாக, நடுத்தர விலையில் ஐம்பது வீடுகளுக்குப் போகிறது. ஒத்துழைப்பு அங்கே பொருளின் வடிவத்தையே மாற்றி, வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டியது. சோழமண்டலத்தில் அந்த வேலையைப் பாடிக் செய்தது. ஓவியம் பழையபடி ஒற்றைப் பிரதியாகவே நின்றது.

எங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு உதாரணம், காஞ்சிபுரம். தண்டலத்திலிருந்து ஹைவேயில் மேற்கே போனால் ஒரு மணி நேரம். அங்கே பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வந்த சேலைக்குக் கூலி கொடுத்து, தாங்களே ஷோரூமில் விற்கின்றன. நெய்தவருக்கு முதல் போட வேண்டிய கவலை இல்லை, விற்கிற கவலையும் இல்லை. ஆனால் சேலையில் அவர் பெயர் இல்லை. அது சங்கத்துச் சேலை, காஞ்சிபுரம் சேலை. கோ-ஆப்டெக்ஸ் பிற்பாடு நெய்தவர் பெயரும் படமும் போட்ட அட்டையைச் சேலையோடு வைத்துத் தரத் தொடங்கியது நல்ல காரியம். ஆனாலும் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு 'இவர் நெய்த இன்னொன்று வேண்டும்' என்று கேட்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கூட்டாக விற்கும்போது பெயர் கரைகிறது. பெயரே மூலதனமாக இருக்கிற ஓவியர்கள் கைவினையை மட்டும் கூட்டாக விற்று, பெயரைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அது புத்திசாலித்தனமா, சுயநலமா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

ராமானுஜம் கதையைத் தாண்டிப் போக முடியாது. கனவு மாளிகைகளும் பாம்புகளும் பறக்கும் உருவங்களும் நிறைந்த மை ஓவியங்கள் அவருடையவை. தொப்பி போட்ட ஒரு சிறு மனிதனாகத் தன்னையே அதற்குள் வரைந்துகொள்வார். பேச்சும் பழக்கமும் எளிதில் வராத அவருக்குச் சோழமண்டலம் தங்க இடம் கொடுத்தது. 1973-ல், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டிய நிலையில், தற்கொலை செய்துகொண்டார். இதற்காகக் கூட இருந்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கூட்டமாக இருப்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் இவரை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. இன்று அவருடைய படங்கள் ஏலத்துக்கு வருகின்றன. உயிரோடு இருந்தபோது அவர் பார்த்திராத விலைக்குப் போகின்றன.

இந்த இடத்தில் சட்டத்தில் ஒரு சுவாரசியமான பிரிவு இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த 53ஏ. மூல ஓவியமோ சிற்பமோ மறுவிற்பனையில் 10,000 ரூபாய்க்கு மேல் போனால், அதில் ஒரு பங்கு படைத்தவருக்கோ வாரிசுக்கோ சேரவேண்டும். பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதன்படி ஒரு ரூபாய் வாங்கிய ஓவியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. காரணம் எளிது. தன் படம் எங்கே, யார் கைமாறி, என்ன விலைக்குப் போயிற்று என்று தனி ஆளாக ஒரு ஓவியர் எப்படித் துரத்துவார்? ஆஸ்திரேலியாவில் இதே உரிமை 2010-லிருந்து 5 சதவீதமாக நடைமுறையில் இருக்கிறது. வசூலிக்க ஒரு பொது அமைப்பு இருப்பதால் தனி ஓவியர் துரத்த வேண்டியதில்லை. அங்கே பாலைவனப் பழங்குடி ஓவியர்கள் 1972-ல் தாங்களே உரிமையாளர்களாகத் தொடங்கிய பப்புன்யா துலா நிறுவனம் இப்போதும் நடக்கிறது. சங்கம் என்றால் இப்படிப்பட்ட வேலைகளைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. வருஷத்துக்கு ஒரு குரூப் ஷோ போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, போண்டா சாப்பிட்டுக் கலைவதற்குச் சங்கம் தேவையில்லை.

கடைசிக் குறை, நிலம். 1966-ல் அந்த மணல் யாருக்கும் வேண்டாத மணல். ஈசிஆர் என்ற பெயரே அன்று இல்லை. சாயம் போட்ட துணி விற்று நிலம் வாங்க முடிந்தது என்றால் துணியின் பெருமை பாதி, நிலத்தின் விலை பாதி. இன்று அதே சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரீஸுக்குப் போனார்கள், வாசுதேவ் பெங்களூருக்குப் போனார், பணிக்கர் 1977-ல் காலமானார். 2009-ல் திறந்த அருங்காட்சியகமும் வாடகைக்குக் கிடைக்கிற காட்சிக்கூடங்களும் இன்று வருகிறவர்களை வரவேற்கின்றன. நான் போன ஞாயிறு ஒரு கல்யாண ஜோடி சிற்பங்களுக்கு நடுவே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நல்ல இடம்தான். ஆனால் இன்று கல்லூரியிலிருந்து வெளியே வருகிற பையன் அங்கே மனை வாங்க முடியாது. தண்டலத்திலும் முடியாது. எங்கள் பக்கம் ஒவ்வொரு கம்பெனி வந்தபோதும் நிலத்தின் விலை ஒரு படி ஏறியது. வாடகை ஷெட்தான் கதி. வாடகை ஷெட்டில் சோழமண்டலம் நடக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி.

இதையெல்லாம் தம்பியிடம் டீக்கடையிலேயே வைத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "அப்போ எங்களோட பாடிக் எதுண்ணா?" என்றான். எனக்கு வராத கேள்வி அது. அவனே யோசித்தான். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகள் தொழிலாளிக்கு எவர்சில்வர் டப்பா கொடுக்கின்றன. அதற்குப் பதில் ஸ்கிராப்பில் செய்த ஒரு சின்ன விளக்கு கொடுக்கலாமே? சிஎஸ்ஆர் பணத்தில் கம்பெனிகள் பள்ளிக்கூடச் சுவருக்குப் படம் போடுகின்றன. இப்போது அந்த வேலையை ஒரு ஏஜென்சி எடுத்து, பெரியவருக்குச் சதுர அடிக் கணக்கில் கொஞ்சம் கொடுக்கிறது. ஏன் அவர் நேரடியாக எடுக்க முடியவில்லை? ஜிஎஸ்டி நம்பர் இல்லை, வெண்டார் கோட் இல்லை, பில் போடத் தெரியாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு பெயரில் பதிவு செய்தால் இது மூன்றும் கிடைக்கும். சிறுதொழிலாக உத்யம் பதிவு இருந்தால் வாங்கின கம்பெனி 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. தருவார்களா என்பது வேறு விஷயம்; கேட்கவாவது ஒரு தாள் கையில் இருக்கும்.

"உன் சிற்பம்?" என்றேன்.

"அது என்னோடதுண்ணா. அத இதுல சேக்க வேணாம்."

பணிக்கரின் ஏற்பாட்டை அவன் புத்தகம் படிக்காமலே பிடித்துவிட்டான். ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு. வருகிற பணத்தை ஐந்தாகச் சமமாகப் பிரிக்கவேண்டும் என்கிறான் அவன். விளக்கில் வெல்டிங் முழுக்க அவனுடையது, சுவரில் உழைப்பு முழுக்கப் பெரியவருடையது; முதல் வருஷமே மனஸ்தாபம் வரும் என்றேன் நான். வேலைக்கு ஏற்ற கூலி முதலில், வாடகைக்கு ஒரு பங்கு, மிச்சம் இருந்தால் பொது நிதி என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அப்புறம் கம்பெனிக்கும் இதுக்கும் என்னண்ணா வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

போன வாரம் மறுபடி பார்த்தேன். ஷெட்காரர் அட்வான்ஸை 70,000-க்கு இறக்கியிருக்கிறார், அக்ரிமெண்ட் பதினொரு மாதம். நோட்டில் புதிதாக ஒரு பக்கம். மேலே பெரிய எழுத்தில் 'பாடிக்' என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருந்தான். ஒன்றில் விளக்கு, இரண்டில் பள்ளிச் சுவர். மூன்றாவதைச் சுடுமண் வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டு எழுதவேண்டும் என்று காலியாக விட்டிருந்தான்.